பிள்ளைகளுடன் ஒரு ஞாயிறு: வடசென்னையிலிருந்து எங்கே கிளம்பலாம்?

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருக்கும் வீடுகளில், பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகலாம் என்று பேச்சு வந்தாலே முதலில் வாயில் வருவது வண்டலூர். அடுத்தது கிண்டி. இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் விம்கோ நகரிலிருந்து வண்டலூர் போக, நகரத்தின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை கடக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளை உயிரியல் பூங்கா வாசலுக்குப் போய்ச் சேரும்போதே பாதி சோர்ந்திருக்கும். உள்ளே நடக்கவும் நிறைய இருக்கிறது. பிற்பகலில் தூக்கிக்கொண்டு நடப்பது அப்பா, திரும்பும் வண்டியில் மடியில் போட்டுக்கொள்வது அம்மா.

ஆகவே இந்தக் கட்டுரையில் நான் முதலில் பார்ப்பது தூரத்தை. வீட்டு வாசலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிறதா? அதற்குப் பிறகுதான் மற்றவை: கழிப்பறை, நிழல், உட்கார இடம், பிள்ளையின் வயது, செலவு. இந்த அளவுகோலில் பார்த்தால் வடசென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே நல்ல தேர்வுகள் இருக்கின்றன. எது யாருக்கு, எப்போது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

பத்து வயதுக்குக் கீழே என்றால் ரயில்

ஐ.சி.எப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நியூ ஆவடி சாலையில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தை முதலிடத்தில் வைக்கிறேன். 2002ல் திறந்தது. நீராவி இன்ஜின்களும் பழைய பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன. ஊட்டி மலை ரயிலின் பழைய வண்டியும் உண்டு. பிள்ளைகள் ஓடலாம், கத்தலாம், இன்ஜின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று தன் உயரத்தை அளந்து பார்க்கலாம். "தொடாதே, பேசாதே" என்று யாரும் அதட்டாத அருங்காட்சியகம் கிடைப்பது சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பெரிய வரம். பொம்மை ரயிலில் ஒரு சுற்று போய் வந்தால் அவர்களுக்கு அந்த நாள் நிறைந்துவிடும்.

திங்கட்கிழமை விடுமுறை. நடுப்பகலில் போகாதீர்கள், வெயிலில் காய்ந்த இரும்பில் கை வைக்க முடியாது. காலையில் திறந்ததும் போங்கள், இல்லாவிட்டால் மூன்று மணிக்கு மேல் போங்கள்.

போகிற வழியையே பொழுதுபோக்காக்கலாம் என்பது இந்த இடத்தின் இன்னொரு சிறப்பு. காரிலோ ஆட்டோவிலோ போவதை விட ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி புறப்பட்டது இங்கிருந்துதான், வாலாஜா ரோடு வரைக்கும். தூண்கள் வைத்த அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிற நாமே அதை நின்று பார்ப்பதில்லை. கடற்கரையிலிருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் ராயபுரத்தில் ஏறினால் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் என்று போய், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று இரண்டு பட்டறைகளின் பெயரையே தாங்கிய நிலையங்களைத் தாண்டி வில்லிவாக்கம் வரும். அங்கே இறங்கி ஓர் ஆட்டோ. 1955ல் தொடங்கிய ஐ.சி.எப். தொழிற்சாலையில்தான் முதல் வந்தே பாரத் ரயிலும் 2018ல் உருவானது. முதல் ரயில் கிளம்பிய இடத்தில் ஏறி, இன்றைய ரயில் பிறக்கிற இடத்தில் இறங்கலாம். இதை எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், ஜன்னலை விட்டு அசையாது. ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வரை பாதி.

ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். பெரம்பூர், அயனாவரம் பக்கம் அப்படி ஒருவர் இல்லாத தெருவே குறைவு. பலகையில் எழுதியிருப்பதை விட அவர் சொல்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பத்துக்கு மேலே என்றால் எழும்பூர்

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851ல் தொடங்கியது. மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு அங்கே போவது எளிதாகிவிட்டது: விம்கோ நகரிலிருந்தோ தேரடியிலிருந்தோ சுங்கச்சாவடியிலிருந்தோ ஏறி, சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். பஸ்ஸில் மூச்சு முட்டிப் போன நாட்களை நினைத்தால், பிள்ளைகளோடு போக இதைவிட நல்ல வழி இல்லை.

ரயில் அருங்காட்சியகத்தையும் இதையும் ஒப்பிட்டால், எழும்பூரில் பார்ப்பதற்கு அதிகம் இருக்கிறது, ஓடுவதற்கு இடம் குறைவு. ஐந்து வயதுப் பிள்ளையை வெண்கலச் சிலைக் கூடத்துக்குள் கூட்டிப் போனால் பத்து நிமிடத்தில் "போலாமா?" என்று கேட்கும். அதே பிள்ளை பன்னிரண்டு வயதில் வந்தால், திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்று காரைக்கால் அம்மையார் கதையைக் கேட்கும். அதனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் சிலைகளைத் தள்ளி வையுங்கள். விலங்கியல் பகுதியில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு, அப்புறம் குழந்தைகள் அருங்காட்சியகம், அதோடு வெளியே வந்துவிடுங்கள். முழுவதையும் ஒரே நாளில் காட்ட நினைத்தால் பிள்ளைக்கு அந்த இடமே வெறுத்துப்போகும்.

பெரிய பிள்ளைகளுக்கு நான் விடாமல் காட்டச் சொல்வது கற்கருவிகளை. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1863ல் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரியிலிருந்துதான் இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சியே தொடங்கியது. அவருடைய சேகரிப்பு இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் ஆராய்ந்த இன்னோர் இடம் அத்திரம்பாக்கம், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது. அங்கே கிடைத்த கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. அந்தக் கொசஸ்தலைதான் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. நம்ம ஊர் ஆற்றங்கரையில் அவ்வளவு காலத்துக்கு முன்பே மனிதர்கள் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். எண்ணூர் என்றால் சாம்பலும் புகையும்தான் என்று கேட்டே வளர்கிற பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். கோடை விடுமுறையில் வார நாளில் கிளம்புகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்ப்பது பெரும்பாலும் இதனால்தான்.

புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் பலர் பரிந்துரைப்பார்கள். அதற்கும் வெள்ளி விடுமுறை. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. வரலாற்றில் ஆர்வமுள்ள ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதுமான காரணம். தம்பி தங்கைகளை அன்றைக்குப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் கடற்கரை இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. மெரினா அப்படித்தான் அவ்வளவு அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உள்ளே அரித்துக்கொண்டு வந்தது. வீடுகள் போயின, தெருக்கள் போயின. எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகக் கொட்டியிருக்கும் பாறைகளும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்டில் வளைவு என்ற கல் சுவர்களும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

ஆகவே அலையில் கால் நனைக்கவும் மணல்வீடு கட்டவும் என்றால் மெரினாதான், தயக்கமில்லை. காசிமேடு பாறைகளில் மாலை நேரம் உட்கார்ந்து காற்று வாங்கலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை அந்தப் பாறைகள் மேல் ஏற விடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும், கீழே தண்ணீர் இழுக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவி, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மெரினாவுக்கு ஈடாக காசிமேட்டில் ஒன்று இருக்கிறது: விடியற்காலை மீன்பிடித் துறைமுகம். ஒரு மணி நேரம் போதும். ஏலக் குரல், ஐஸ் உடைக்கிற சத்தம், கூடை கூடையாக வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கடம்பா, நண்டு. தட்டில் துண்டாக மட்டுமே மீனைப் பார்த்த பிள்ளைக்கு முழுச் சுறா ஒன்று தரையில் கிடப்பதைப் பார்ப்பது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஊரே அங்கே மீன் வாங்க வந்திருக்கும், பிள்ளையின் கையை ஒரு நொடி விட முடியாது. சனிக்கிழமையோ விடுமுறையில் ஒரு வார நாளோ நல்லது. பழைய செருப்பு போட்டுப் போங்கள். வேலை நடக்கிற இடம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். தலைச்சுமையோடு வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும், கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில்தான் வருகிறது. மீன் பார்க்கும் ஆசையோடு மே மாதத்தில் போனால் ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்சம் மீன்தான் இருக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். வண்ணம் பூசுவார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பின்னுவார்கள். கைவேலையில் விருப்பமுள்ள பிள்ளைக்கு ஏலத்தை விட இதுவே பிடிக்கலாம்.

பழவேற்காடு: வருடத்துக்கு ஒரு முறை

இது அரை நாள் விஷயம் இல்லை, முழு நாள். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். தென்சென்னைக்காரர்களுக்கு இது தொலைவு. திருவொற்றியூரில் ரயில் ஏறுகிற நமக்கு வண்டலூர் அலைச்சலை விட இது மேல். எண்ணூர், அத்திப்பட்டு தாண்டியதும் நகரம் விட்டுப்போய் வயலும் நீரும் தெரியத் தொடங்கும்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூநாரைகள் வரும். கோடையில் போனால் வெயில்தான் மிச்சம். டச்சுக்காரர்கள் 1613ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது செடி மூடிக் கிடக்கிறது, அதில் பிள்ளைகளுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியில்லை. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பத்து வயதுப் பையன்களுக்கு அதைவிடப் பிடித்த இடம் பழவேற்காட்டில் வேறு இல்லை. பனை ஓலையில் கூடை முடையும் பெண்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களிடம் ஒன்று வாங்கினால் பிள்ளைக்கும் நினைவாக இருக்கும், அவர்களுக்கும் வருமானம்.

படகு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையில் யாராவது "வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுவார்கள், பிள்ளையும் அழும். உயிர்காப்பு உடை இல்லாத படகில், அனுமதி இல்லாத படகில் ஏறவே வேண்டாம். பறவைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம், ஒரு தொலைநோக்கி இருந்தால் போதும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க 2019லிருந்து அங்கே பார்வையாளர் கூடம் இருக்கிறது. இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டை கட்டாயம். கட்டணம் இல்லை. ஏவுதல் தள்ளிப்போனால் சூலூர்பேட்டை வரை போன நாள் வீணாகும் என்பதால், முதல் தடவைக்கு நான் சொல்வது வேறு. ஏவும் நேரத்தைச் செய்தியில் பார்த்துவிட்டு, வானம் தெளிவாக இருந்தால் பிள்ளைகளோடு மொட்டை மாடிக்கு ஏறி வடக்கே பாருங்கள். நெருப்புப் பொட்டு மேலே ஏறுவது நம் பக்கத்து மாடிகளிலிருந்தே தெரியும். செலவே இல்லை.

பூங்காவா, மாலா?

மால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மே மாத மதியத்தில் குளிரூட்டிய இடமும் சுத்தமான கழிப்பறையும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு அவசியம். ஆனால் விளையாட்டுப் பகுதியில் ஒரு பிள்ளைக்கு அரை மணிக்குக் கொடுக்கும் காசில், மேலே சொன்ன ரயில் நாளைக் குடும்பமே முடித்துவிடலாம்.

மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. நடைபாதை, நிழல், புல்வெளி என்று எல்லாம் உண்டு. தள்ளுவண்டியில் குழந்தை, ஊன்றுகோலுடன் பாட்டி என்று எல்லோரும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு இது மற்ற எல்லாவற்றையும் விடப் பொருந்தும். பெரம்பூர் மேம்பாலத்துப் பக்கமுள்ள முரசொலி மாறன் பூங்கா மாலை ஒரு மணி நேரத்துக்கு. ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்காவுக்குப் போனால், பழைய ராபின்சன் பூங்கா இதுதான், 1949ல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அம்மா மட்டும் பிள்ளைகளோடு கிளம்புகிற நாளில், 2021லிருந்து மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் சேருங்கள். மாதவரமும் ஐ.சி.எப்.பும் மெரினாவும் அப்போது இன்னும் பக்கமாகிவிடும். சாப்பாட்டுக்கு, திரும்பும் வழி பாரிமுனையாக இருந்தால், கடற்கரை ரயில் நிலையம் எதிரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த ருசி. காரம் குறைவாகப் போடச் சொன்னால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

ஒரு நாள் சுற்றுவதா, வாராவாரம் ஒன்றா?

கோடை வரும்போது பலர் என்னிடம் கேட்பது இதுதான்: கோடை முகாமுக்கு ஆயிரக்கணக்கில் கட்டவா, நாலு இடம் சுற்றிக் காட்டவா? மூன்றாவது வழி ஒன்று நம் தெருவிலேயே இருக்கிறது. வடசென்னையில் கேரம் பலகை இல்லாத முனை எது? புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். வியாசர்பாடியில் காலையும் மாலையும் கால்பந்து ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடங்களையும் எட்டிப் பாருங்கள். இவை ஒரு நாள் வேடிக்கையாக முடிவதில்லை. வாராவாரம் நாலு நண்பர்களும் ஒரு மாஸ்டரும் கிடைக்கிறார்கள், கைப்பேசி தானாகக் கீழே போகிறது.

எட்டு வயதுக்கு மேல் உள்ள, ஒரே இடத்தில் நிற்காத பிள்ளை என்றால் நான் சுற்றுலாவை விட இதைத்தான் முதலில் சொல்வேன். கூச்சமுள்ள பிள்ளைக்குக் கால்பந்தை விட கேரம் எளிதான தொடக்கம். நாலு பேர் உட்கார்ந்து ஆடுவதில் பேச்சு தானாக வரும். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு மாலை முழுக்க ஓரமாக நின்று பாருங்கள். மாஸ்டர் தோற்ற பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார், பெண்பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள், குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது, இருட்டிய பிறகு வீடு திரும்பும் வழியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பெயரைக் கொடுங்கள்.